கலப்புக் கத்தரி நாற்றில் எதை வைப்பது, எதைப் பிடுங்குவது?

வேலூர்ப் பக்கம் விளையும் இலவம்பாடி முள்ளு கத்தரியைக் குழம்பில் போட்டுச் சாப்பிட்டவர்களுக்கு அதன் ருசி மறக்காது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற காய். ஆனால் இலை, தண்டு, காம்பு என்று தொட்ட இடமெல்லாம் முள். இதே ருசி முள்ளில்லாத செடியில் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்து, இதை வேறொரு கத்தரியோடு கலந்து பார்க்கும் தோட்டக்காரர்கள் உண்டு. கலப்பது பெரிய வேலை இல்லை. கத்தரிப் பூ பெரியது. நாளைக்கு விரியப்போகிற மொட்டை இன்று மாலை பிரித்து, மஞ்சள் மகரந்தப்பைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, மெல்லிய துணியால் மூடி, மறுநாள் காலை மற்ற செடியின் மகரந்தத்தைத் தடவினால் முடிந்தது. குழித்தட்டு நிறைய நாற்று வந்து நிற்கும்போதுதான் கை நடுங்கும். எல்லாவற்றையும் நட இடம் இருக்காது.

முள்ளில்லாத நாட்டுக் கத்தரியைத் தாயாகவும் முள்ளு கத்தரியைத் தந்தையாகவும் வைத்துச் செய்த கலப்பை வைத்தே இங்கே எழுதுகிறேன். வீரிய ஒட்டு ரகக் காயிலிருந்து விதை எடுத்துப் போட்டு, "ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறதே" என்று முழிப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி உதவும்.

எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இது விதையிலேயே வந்ததா, வளர்ப்பில் வந்ததா? இதற்குத் தட்டை மேலிருந்து ஒரு பார்வை பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். கோளாறான நாற்றுகள் ஒரு மூலையில், ஓரத்தில், அல்லது ஒரே வரிசையில் சேர்ந்து நின்றால் வளர்ப்பில் ஏதோ தப்பு: தண்ணீர், வெளிச்சம், மண்கலவை. நல்ல நாற்றுகளுக்கு நடுவே அங்கொன்று இங்கொன்றாகச் சிதறி நின்றால் விதையின் குணமாக இருக்கலாம், இல்லாவிட்டால் பூச்சி கொண்டுவந்த நோய். வளர்ப்புக் கோளாறுக்காக நாற்றைப் பிடுங்கினால், நாம் தேடிக்கொண்டிருக்கும் குணமும் அதோடு குப்பைக்குப் போய்விடும்.

இன்னொன்றையும் விதைக்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்: எத்தனை நாற்று வேண்டும்? கத்தரியில் முள் பொதுவாக ஓங்கு பண்பு (ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே வெளியே தெரிவது), முள்ளின்மை ஒடுங்கு பண்பு (இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் தெரிவது). அப்படியானால் இரண்டாம் தலைமுறையில் (கலப்பு விதையில் முளைத்த முதல் தலைமுறைச் செடி தன் மகரந்தத்தாலேயே காய்த்துத் தரும் விதையில்) நாலில் ஒரு பங்கு முள்ளில்லாமல் வரும். அதற்காக நாலே நாற்று வைத்தால் ஒன்று கட்டாயம் கிடைக்கும் என்று இல்லை. நாலிலும் முள்ளே வர ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. 100-க்கு 95 பங்கு நிச்சயமாக ஒன்றாவது வேண்டுமென்றால் 11 நாற்று வேண்டும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு ஒடுங்கு பண்புகள் ஒரே செடியில் சேர வேண்டுமென்றால் (16-இல் 1) 47 நாற்று. மூன்று சேர வேண்டுமென்றால் (64-இல் 1) 191. மாடித்தோட்டத்தில் மூன்றாவதை ஒரே தலைமுறையில் பிடிக்க நினைப்பது வீண் ஆசை. ஒரு பண்பைப் பிடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதே நடக்கிற காரியம்.

சரி, இனி அறிகுறிகள்.

முதல் தலைமுறை நாற்றில் சில தாயைப் போலவே இருக்கின்றன

பிடுங்கிவிடுங்கள். முள்ளில்லாத செடியைத் தாயாக வைத்த பலன் இங்கேதான் தெரிகிறது. கலப்பு உண்மையிலேயே நடந்திருந்தால் முதல் தலைமுறை நாற்று எல்லாவற்றிலும் தந்தையின் முள் வந்திருக்க வேண்டும். முள்ளே இல்லாத நாற்று என்றால், மகரந்தப்பையை எடுக்கும் முன்பே தாயின் சொந்த மகரந்தம் சூலகமுடியில் (பூவில் மகரந்தத்தை ஏற்கும் நுனியில்) விழுந்திருக்கிறது. அந்த நாற்று தாயின் தன் சேர்க்கைப் பிள்ளை, கலப்பு இல்லை. முள்ளு கத்தரியைத் தாயாக வைத்திருந்தால் இப்படிக் கண்ணால் பிரிக்கவே முடியாது. தன் சேர்க்கையும் முள்ளோடு வரும், கலப்பும் முள்ளோடு வரும். ஒடுங்கு பண்புள்ள செடியை எப்போதும் தாயாக வையுங்கள்.

முதல் தலைமுறை முழுக்க முள். கலப்பு தோற்றுவிட்டதா?

இல்லை, அது வெற்றி. இந்தத் தலைமுறையில் தேர்வு செய்ய ஒன்றுமே இல்லை. ஆரோக்கியமான இரண்டு மூன்று செடியை வைத்துக்கொண்டு, அவற்றின் பூவைத் துணியால் மூடித் தன் சேர்க்கையில் காய் பிடிக்கவிட்டு, காய் நன்றாகப் பழுத்து மஞ்சளாகும்வரை செடியிலேயே விடுங்கள். ஒரே காயில் நூற்றுக்கணக்கில் விதை இருக்கும். இரு பெற்றோரின் குணங்களும் பிரிந்து வருவது அடுத்த விதைப்பில்தான்.

இரண்டு வித்திலையோடு (முளைத்ததும் முதலில் விரியும் இலை) நின்ற நாற்று மறுநாள் சாய்ந்து கிடக்கிறது

தண்டின் அடிப்பகுதி, மண்ணைத் தொடுகிற இடம், நூல் மாதிரி சுருங்கி நீர் கோத்திருந்தால் நாற்றழுகல். பித்தியம் முதலான பூசணங்களின் வேலை. வழக்கமாக ஒரு மூலையில் ஆரம்பித்து வட்டமாகப் பரவும், அதாவது வளர்ப்புக் கோளாறு. தண்ணீரைக் குறைத்து, காற்றோட்டம் கொடுத்து, சாய்ந்ததைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்துவிடுங்கள். அடுத்த விதைப்பில் விதை நேர்த்தி செய்யுங்கள், அதாவது விதைக்கும் முன் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூசணத்தின் பொடியை விதையில் கலந்துவிடுங்கள். ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம் என்பது வேளாண் துறை சொல்லும் அளவு. வீட்டு விதைக்கு ஒரு சிட்டிகை போதும்.

"பிழைத்தவை பலசாலி, அதுவே நல்ல தேர்வு" என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். அதை நான் ஏற்பதில்லை. பிழைத்தவை பெரும்பாலும் காய்ந்த பக்கம் நின்றவை, அவ்வளவுதான். செத்தவற்றை எண்ணிக் குறித்துக்கொண்டு அதே அளவு விதையை மறுபடி போடுங்கள், உங்கள் 11-ம் 47-ம் குறையக் கூடாது.

நாற்று ஒல்லியாக நீண்டு தொங்குகிறது

வெளிச்சம் போதவில்லை. யாரையும் கழிக்க வேண்டாம். வெயிலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, பையில் மாற்றும்போது வித்திலைவரை மண் அணைத்தால் போதும்.

ஒரு நாற்று பால் வெள்ளையாக முளைத்திருக்கிறது

பச்சையமே இல்லாத நாற்று. வித்திலையில் இருக்கும் உணவு தீர்ந்ததும் தானே செத்துவிடும். மனசு வரவில்லையென்றால் விட்டுவையுங்கள், பத்து நாளில் முடிவு தெரியும். ஆனால் எந்தச் செடியின் விதையில் இது வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே தாயின் விதையில் நாலில் ஒன்று இப்படி வந்தால் அந்தச் செடி இந்தக் குறையை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறது. மூன்று வித்திலையோடு முளைக்கும் நாற்றும் சில சமயம் வரும். அது நல்லதற்கும் இல்லை, கெட்டதற்கும் இல்லை. மற்றவை மாதிரியே நடத்துங்கள்.

சில நாற்று கொழுகொழுவென்று, சில குட்டையாக

நல்ல நாற்றுகள் அதிகமாக வீணாவது இந்த இடத்தில்தான். கை தானாகக் குட்டையைப் பிடுங்கப் போகும். வயலுக்கு ஒரே சீரான ரகத்தை நாற்று விடும்போது அது சரியான பழக்கம். அங்கே எல்லா நாற்றும் ஒரே குணம், நோஞ்சானைக் கழித்தால் நஷ்டமில்லை. பிரிந்து வரும் இரண்டாம் தலைமுறையில் ஒவ்வொரு நாற்றும் தனி ஆள். உயரத்துக்கும் முள்ளுக்கும் ருசிக்கும் சம்பந்தமில்லை. உயரமான பத்தை மட்டும் எடுத்தால், நாம் தேடாத ஒரு குணத்துக்காகத் தேடுகிற குணத்தைக் குலுக்கலில் விடுகிறோம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரு பெற்றோரின் ஜீன்களும் இன்னும் கலந்தே இருக்கிற நாற்று வீரியமாக வளர வாய்ப்பு அதிகம். அதே நாற்றுதான் அடுத்த தலைமுறையில் நிறையப் பிரியும், நிலைக்க நாளாகும்.

அதனால் குட்டையைப் பார்த்ததும் இவற்றைச் சரிபாருங்கள். எப்போது முளைத்தது? நாலு நாள் பிந்தி முளைத்த நாற்று நாலு நாள் குட்டையாகத்தான் இருக்கும். விதை ஆழமாகப் போய்விட்டதா? ஒரு சென்டிமீட்டருக்கு மேல் புதைந்த விதை மேலே வரவே சக்தியைச் செலவழித்திருக்கும். தட்டின் ஓரமா? ஓரக் குழி சீக்கிரம் காயும். குழியைத் தூக்கிப் பார்த்து, வேர் பழுப்பாக அழுகியிருக்கிறதா, இல்லை வெள்ளையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

வேர் வெள்ளையாக இருந்தால் குட்டையை எல்லாம் ஒரே அளவுப் பைக்கு மாற்றி, ஒரே கலவை, ஒரே வெயிலில் வையுங்கள். பத்து, பன்னிரண்டு நாள் கழித்துப் பழைய இலையைப் பார்க்காமல் புதிதாக வந்த இலையை மட்டும் பாருங்கள். புது இலை மற்ற செடிகளின் இலை அளவுக்கு வந்துவிட்டால் அது வளர்ப்பில் பின்தங்கிய நாற்று, மற்றவற்றுக்குச் சமமாக வைத்துக்கொள்ளலாம். புது இலையும் சுருங்கி, கோணலாக, தடித்து வந்தால் கழிக்கலாம்.

முள் இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை

வித்திலையில் தேடாதீர்கள். முதல் உண்மை இலையிலும் அவசரப்பட வேண்டாம். மூன்றாவது, நாலாவது இலை நன்றாக விரிந்தபின் பாருங்கள். காலை வெயில் பக்கவாட்டில் விழும்படி இலையைப் பிடித்துக்கொண்டு, மேல்பக்கத்து நடுநரம்பைக் கண்ணுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். கத்தரி இலை முழுக்க மெல்லிய சாம்பல் பூச்சு மாதிரி சுணை இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு சுணையும் நட்சத்திரமாகக் கிளைத்திருக்கும். இது முள் இல்லை, முள்ளில்லாத ரகத்திலும் உண்டு. முள் என்பது நரம்பின் மேல் தனியாக, நேராக எழுந்து நிற்கும். அடிப்பக்கம் அகன்று, நுனி கூராக, பல சமயம் ஊதா நிறத்தில் இருக்கும். விரல் நுனியை நரம்பின் மேல் மெல்ல இழுத்தால் சுணை வெல்வெட் மாதிரி படியும், முள் தடுக்கும். இலைக்காம்பின் அடியையும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

இப்போது நாற்றை மூன்றாகப் பிரியுங்கள்: முள் உண்டு, முள் இல்லை, சந்தேகம். மூன்றாவதை இரண்டில் ஒன்றில் திணிக்கிற வேலை வேண்டாம். முள்ளின் இருப்பு ஒரு பெரிய ஜீனைச் சார்ந்திருந்தாலும் எவ்வளவு முள், எங்கே முள் என்பதை மற்ற ஜீன்களும் மாற்றும். ஒரே ஒரு முள்ளோடு நிற்கிற நாற்றும் உண்டு. சந்தேகக் கூட்டத்தை ஏழாவது, எட்டாவது இலைவரை வளர்த்து மறுபடி பாருங்கள். இலையில் முள் இல்லாமல் காயின் காம்பில் மட்டும் முள் தலைகாட்டுவதும் நடக்கும், அதனால் கடைசித் தீர்ப்பு காய் வந்தபின்தான்.

முள்ளில்லாதது என்று உறுதியானால் அந்தப் பண்பு அங்கேயே நிலைத்துவிட்டது. ஒடுங்கு பண்பு வெளியே தெரிகிறதென்றால் உள்ளே ஒளிந்துகொள்ள வேறு ஒன்றும் இல்லை, அதன் தன் சேர்க்கைப் பிள்ளைகளும் முள்ளில்லாமலே வரும். முள்ளுள்ள நாற்றில் மூன்றில் இரண்டு பங்கு முள்ளின்மையை உள்ளே சுமக்கிறது, ஆனால் எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. நமக்கு முள்ளில்லாததே வேண்டும் என்பதால் முள்ளுள்ள நாற்றைத் தைரியமாகக் கழிக்கலாம். தட்டில் இவ்வளவு தைரியமாகக் கழிக்கிற வாய்ப்பு வேறு எதிலும் இல்லை. ஆரோக்கியமானவற்றைக் குப்பையில் போடவும் வேண்டாம். "இது கலப்பு, காய் எப்படி வரும் என்று தெரியாது, முள் உண்டு" என்று சொல்லி அக்கம்பக்கத்தில் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

எண்ணிப் பார்த்தால் முள்ளில்லாதது ரொம்பக் குறைவு

40 நாற்றில் 10 எதிர்பார்ப்போம். 5 முதல் 15 வரை வந்தால் அது வெறும் தற்செயல், கவலைப்பட ஒன்றுமில்லை. இரண்டு, மூன்று மட்டும் என்றால் காரணம் தேடலாம். எண்ணுவதற்கு முன்பே "குட்டை", "சோகை" என்று சிலவற்றைப் பிடுங்கிவிட்டீர்களா? அப்படியானால் கணக்கு கெட்டுப்போனது நம் கையால். பிடுங்கவே இல்லையென்றால், உங்கள் கலப்பில் முள்ளை இரண்டு ஜீன்கள் தனித்தனியாகக் கொண்டுவரலாம். அப்போது முள்ளில்லாதது 16-இல் 1 தான் வரும், கிடைத்த இரண்டு மூன்றைக் கண்ணாகப் பார்த்துக்கொள்ளுங்கள். முள்ளில்லாததே வரவில்லையென்றால், அதே காயின் மிச்ச விதையில் இன்னும் 40, 50 போடுங்கள். புதிதாகக் கலப்பு செய்யத் தேவையில்லை.

தண்டு சிலவற்றில் ஊதா, சிலவற்றில் பச்சை

வித்திலைக்குக் கீழே உள்ள தண்டில் இது முளைத்த சில நாளிலேயே தெரியும். கலப்பு நடந்ததா என்று பார்க்க நல்ல அடையாளம். ஆனால் தண்டின் ஊதாவை வைத்துக் காயின் நிறத்தைத் தீர்மானிக்காதீர்கள். பச்சைத் தண்டில் ஊதாக் காயும் காய்க்கும், ஊதாத் தண்டில் பச்சைக் காயும் காய்க்கும். நிழலில் வளர்ந்தால் ஊதா மங்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காய் நிறத்துக்காக நாற்றுப் பருவத்தில் எதையும் கழிக்க வேண்டாம்.

இலை மஞ்சளாகிறது

அடி இலையில் ஆரம்பித்தால் தழைச்சத்துக் குறைவு. நுனி இலையில் நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி வெளுத்தால் இரும்புச்சத்து ஏறவில்லை, ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் ஊற்றும் இடங்களில் இது சாதாரணம். இரண்டுமே ஊட்டத்தால் தீரும், கழிப்பதற்கான காரணம் இல்லை. பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்து இலை கோணினால் அது வைரஸ். அதை எடுத்துவிடுங்கள்.

புது இலை சிறுத்துக் கொத்துக் கொத்தாக வருகிறது

இங்கே மட்டும் இரக்கம் கூடாது. கணு நெருங்கி, இலை விரல் நகம் அளவுக்குச் சிறுத்து, வெளிறி, மென்மையாக, செடி புதர் மாதிரி ஆகிறதென்றால் அது சிற்றிலை நோய். தத்துப்பூச்சி பரப்பும் பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரியால் வருவது. இந்தச் செடி திரும்பாது. பூ வந்தாலும் பச்சையாக இலை மாதிரி ஆகிவிடும், காய்க்காது. தட்டிலேயே மிகச் சிறந்த முள்ளில்லா நாற்றாக இருந்தாலும் அன்றைக்கே வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், இல்லாவிட்டால் பக்கத்துச் செடிகளுக்கு அதிலிருந்தே தத்துப்பூச்சி நோயை எடுத்துப்போகும். பிடுங்கும் முன் ஒரு சோதனை: நுனி இலை சுருண்டு கரடுமுரடாக இருந்து, அடிப்பக்கத்தில் சிலந்திப்பேனோ இலைப்பேனோ ஓடினால் அது பூச்சிக் கடி. பூச்சியைக் கட்டுப்படுத்தினால் அடுத்த இலை சரியாக வரும்.

நட்ட செடி மதியம் வாடி, மறுநாள் எழவில்லை

இலை பச்சையாக இருக்கும்போதே செடி துவண்டால் பாக்டீரியா வாடலாக இருக்கலாம். அடித்தண்டை அறுத்து, அறுத்த முனையைக் கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் தொடும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் வெள்ளை நூல் மாதிரி கசிந்து இறங்கினால் அதுதான். இந்த நோய் கலப்பாளருக்கு ஒரு தகவலையும் தரும். அதே மண்ணில், அதே வரிசையில், இரண்டு பக்கமும் செடி விழுந்தபோதும் நடுவில் ஒன்று அசையாமல் நின்றால் அதற்கு அடையாளம் கட்டுங்கள். நாற்றழுகலில் பிழைத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. இங்கே வளர்ந்த செடி, நோய் உறுதியான மண், சுற்றிலும் சாட்சி. இருந்தாலும் அது தாங்கும் குணமா, தப்பித்த அதிர்ஷ்டமா என்பதை அதன் பிள்ளைகளை அதே மண்ணில் நட்டுத்தான் சொல்ல முடியும். வேறு காயும் குணமும் சுமாராக இருந்தால்கூட அந்தச் செடியின் விதையை நான் எடுத்து வைப்பேன்.

பூக்கிறது, உதிர்கிறது, காய் இல்லை

பூவைத் திருப்பி நடுவில் பாருங்கள். சூலகத் தண்டு மகரந்தப்பைகளைத் தாண்டி வெளியே நீண்டிருந்தால், அல்லது சம உயரத்தில் இருந்தால் காய் பிடிக்கும். உள்ளேயே குட்டையாக அமுங்கியிருந்தால் அந்தப் பூ உதிரும். எல்லாக் கத்தரியிலும் இரண்டு வகைப் பூவும் வரும், விகிதம்தான் மாறும். வெயில் காலத்திலும் ஊட்டம் குறைந்தபோதும் குட்டைப் பூ கூடும். அதனால் முதல் பூக்களை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மூன்று நாலு வாரம் கவனித்தும் நீண்ட பூ அரிதாகவே இருந்தால், மற்ற செடிகள் அதே நேரத்தில் காய்த்துக்கொண்டிருந்தால், அது விதையின் குணம். கழித்துவிடலாம்.

முள்ளும் இல்லை, காயும் அழகு, ஆனால் கசக்கிறது

ருசியை எந்த நாற்றிலும் படிக்க முடியாது. அதனால்தான் முள்ளில்லாதவற்றில் முடிந்தவரை அதிகம் நடச் சொல்கிறேன். ஒரே காயைத் தின்று முடிவெடுக்காதீர்கள். தண்ணீர் இல்லாமல் வாடிய செடியின் காய் கசக்கும், முற்றிய காயும் கசக்கும். தோல் பளபளப்பாக, கட்டைவிரலால் அழுத்தினால் மீண்டு எழும் பருவத்தில், எல்லாச் செடியிலும் ஒரே நாளில் பறியுங்கள். நறுக்கிப் பத்து நிமிடம் வைத்து எது எவ்வளவு கறுக்கிறது என்று பாருங்கள். அப்புறம் உப்பு மட்டும் போட்டு ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுங்கள். மசாலா போட்டால் எல்லாமே நன்றாக இருக்கும், பிரித்தறிய முடியாது. கூடவே அசல் முள்ளு கத்தரியையும் ஒரு கிண்ணத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் நாக்கு ஞாபகத்தை மட்டும் நம்பும். வீட்டில் இன்னொருவருக்கு எது எந்தச் செடி என்று சொல்லாமல் கொடுத்துக் கேளுங்கள். இரண்டு மூன்று பறிப்பிலும் கசந்தால் முள்ளில்லாவிட்டாலும் அதற்கு இடமில்லை.

எல்லாமே நன்றாக இருக்கிறது, இடம்தான் இல்லை

முள்ளில்லாதவை பதினைந்து, பை வைக்க இடம் எட்டு என்றால், கண்ணுக்கு அழகாக இருப்பதை எடுக்காமல் கண்ணை மூடிக்கொண்டு எட்டை எடுங்கள். நாற்றுப் பருவத்தில் தெரியாத குணத்துக்குக் குலுக்கல்தான் நியாயமான முறை. ஒரு செடிக்கு 60 சென்டிமீட்டர் இடைவெளியைக் குறைத்து எல்லாவற்றையும் நெருக்கி நட்டால் எதன் குணமும் சரியாகத் தெரியாது, நோயும் சீக்கிரம் பரவும்.

ருசியில் தேறிய இரண்டு மூன்று செடியில், விரியாத மொட்டைத் துணிப்பையால் மூடி, பிடித்த காயின் காம்பில் வண்ண நூல் கட்டுங்கள். தேனீ வந்துபோகும் தோட்டத்தில் மூடாத பூவின் விதையை நம்ப முடியாது. ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனிப் பொட்டலமாக வையுங்கள், சேர்த்துவிட்டால் எந்தத் தாயின் பிள்ளை எப்படி என்று பின்னால் பார்க்க வழியில்லை. கலந்திருக்கும் ஜீன்களின் பங்கு ஒவ்வொரு தன் சேர்க்கைத் தலைமுறையிலும் பாதியாகும்: இரண்டாம் தலைமுறையில் 50 சதவீதம், மூன்றாவதில் 25, ஆறாவதில் ஏறக்குறைய 3. மூன்றாவதிலிருந்து ஒரு செடியை ஒரு செடியோடு ஒப்பிடுவதைவிட, ஒரு தாயின் பத்துப் பிள்ளைகளை இன்னொரு தாயின் பத்துப் பிள்ளைகளோடு ஒப்பிடுங்கள். முதல் தலைமுறைக் காயில் மிஞ்சிய விதையையும் நிழலில் நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத புட்டியில் தேதி எழுதி வைத்துவிடுங்கள். இந்த வருடம் குலுக்கலில் விட்ட ஏழு நாற்றுக்குப் பதில் அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.